பாரம் ஏறின பிறகு இறுக்குங்கோ

 

எங்கட வீட்டு மொரிஸ் மைனர் மூன்று மாதமாகக் கட்டைகளுக்கு மேல் நின்றதைப் பாதையால் போன எல்லோரும் கண்டிருப்பீர்கள். இப்போது ஓடுகிறது, அல்ஹம்துலில்லாஹ். என்ன பழுது என்று கேட்கிறவர்களுக்கு "றப்பர்" என்று சொன்னால் சிரிக்கிறார்கள். எஞ்சின் இல்லை, கியர் பெட்டி இல்லை, உள்ளங்கைக்குள் அடங்கும் றப்பர் துண்டுக்கா மூன்று மாதம்? ஆமாம், அதுக்குத்தான். பாதி நாள் சாமான் வரக் காத்திருந்தோம். மீதி நாள் அந்தத் துண்டுகளைக் கழற்றவும் பூட்டவும் போனது. அதில் நாங்கள் படித்தது வேன், முச்சக்கரவண்டி, லொறி வைத்திருக்கும் எல்லோருக்கும் பொருந்தும் என்பதால் விரிவாக எழுதுகிறோம். கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

நாங்கள் என்றால் மூன்று பேர். ஒருவர் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். ஒருவர் கடல் தொழில் செய்யும் காக்கா. மற்றவர் கட்டாரில் இருந்து திரும்பி வந்த மச்சான். மூவரில் ஒருவருக்கும் மெக்கானிக் தொழில் இல்லை. கார் வாப்பாவுடையது. 1962க்குப் பிறகு வந்த 1098 சீசீ எஞ்சின், நாலு கதவு. வாப்பா மவுத்தான பிறகு அதை வைத்திருப்பதற்கு ஒரே காரணம் உம்மா. அவவுக்கு இடுப்பில் சத்திரசிகிச்சை செய்தது. முச்சக்கரவண்டியில் குனிந்து ஏற முடியாது, வேனில் கால் தூக்கி ஏற முடியாது. மைனரின் பின் சீற் அவவின் உயரத்துக்குச் சரியாக இருக்கும். கதவைத் திறந்தால் கதிரையில் இருப்பதுபோல இருந்து, பிறகு காலை உள்ளே எடுக்கலாம். மாதம் ஒருமுறை திருகோணமலை ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கு அந்தக் காரில்தான் போய் வருவா.

போன வருடக் கடைசியில் இருந்து சாம்பல்தீவுப் பாலத்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் முன்பக்கம் "டொக்" என்று ஒரு சத்தம். பிறேக் பிடித்தால் ஸ்டியரிங் இடப்பக்கம் இழுக்கும். ஒரு முன் டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்து நூல் தெரியத் தொடங்கியது. எதிரே பஸ் வரும்போது கார் தானாக ஒரு சாண் விலகினால் பின்னால் இருக்கும் உம்மாவுக்கு வலி, ஓட்டுகிறவருக்கு நெஞ்சிடி.

டவுனில் ஒரு கராஜில் கொடுத்தோம். புஷ் எல்லாம் மாற்றித் தந்தார்கள். இரண்டு மாதம் போகவில்லை, அதே சத்தம். கழற்றிப் பார்த்தால் புதிய றப்பர் சுற்றிவரக் கிழிந்து, அரிசிக் குறுணிபோல உதிர்ந்து கிடந்தது. அந்த நேரம் பார்த்து கொழும்பில் இருந்து ஒருவர் வந்து விலை கேட்டார். "ஓடாட்டியும் பரவாயில்ல, இப்படியே லொறியில ஏத்திட்டுப் போறேன்" என்றார். நல்ல விலைதான். வீட்டில் இரண்டு நாள் அதே பேச்சு. உம்மா ஒன்றும் பேசவில்லை. கடைசியில், "வித்துப்போட்டு என்னை எதில கொண்டு போகப் போறீங்க?" என்று மட்டும் கேட்டா. அதோடு பேச்சு முடிந்தது.

வாப்பாவின் காலத்தில் இந்தக் காரைப் பார்த்த ஒரு பாஸ் ஐயாவைத் தேடிப் போனோம். எழுபது தாண்டிவிட்டார். முழங்கால் ஏலாது, காருக்குக் கீழே படுக்க முடியாது. கிழிந்த றப்பரைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, கடைசி நட்டை இறுக்கேக்க கார் ஜக்கில நிண்டதோ, நிலத்தில நிண்டதோ?"

கராஜில் கார் ஜக்கில் நின்றதைக் கண்டிருந்தோம். சொன்னோம்.

"அப்ப றப்பரில பிழை இல்லை. கார் நிலத்தில நிக்கோணும். பாரம் ஏறின பிறகு இறுக்குங்கோ."

அந்த ஒரு வசனத்துக்குள் முழு விசயமும் இருக்கிறது. எங்களுக்கு அது விளங்க ஒரு வாரம் எடுத்தது. ஐயா எங்கட முற்றத்துக்கு வந்து பிளாஸ்டிக் கதிரையில் இருந்து, கையில் ஒரு தடியை வைத்துக் காட்டிக் காட்டிச் சொல்ல, நாங்கள் கீழே படுத்துச் செய்தோம்.

முதலில் அந்தத் துண்டு என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். கதவுப் பிணைச்சல் எப்படி வேலை செய்கிறது? இரும்புக்குள் இரும்பு வழுக்கிச் சுற்றுகிறது. அதனால் எண்ணெய் விட வேண்டும். காரின் சக்கரத்தைத் தாங்கும் கைகளும் பள்ளம் மேட்டில் மேலும் கீழும் ஆடவேண்டும். ஆனால் அங்கே வழுக்கும் பிணைச்சல் இல்லை. கைக்கும் போல்ட்டுக்கும் நடுவில் றப்பர் புஷ் இருக்கிறது. அதன் வெளிப்பக்கம் கையின் துளையை இறுகப் பிடித்திருக்கும், உள்பக்கம் போல்ட்டை இறுகப் பிடித்திருக்கும். கை ஆடும்போது றப்பர் வழுக்காது. தன் உடம்புக்குள்ளேயே முறுகும், பிறகு திரும்பி வரும்.

பிள்ளைகளின் அழிறப்பர் ஒன்றை இரண்டு விரல்களுக்கு நடுவில் அழுத்திப் பிடித்து முறுக்கிப் பாருங்கள். விரல் வழுக்காமல் கொஞ்சத் தூரம் போகும், விட்டால் திரும்பி வரும். அளவுக்கு மேல் முறுக்கினால் கிழியும். வகுப்பில் மீள்தன்மை படிப்பிக்கும்போது இப்போது இதைத்தான் செய்து காட்டுகிறோம்.

அதனால்தான் இந்தத் துண்டு பூட்டும்போது இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறது. இலகுவாக உள்ளே போகும் புஷ் துளையை இறுகப் பிடிக்காது. பிடிக்காத புஷ் வழுக்கித் தேயும். ஆகவே அது துளையை விடக் கொஞ்சம் பெரிதாகவே செய்யப்பட்டிருக்கும். பூட்டும்போது தரும் கஷ்டம்தான் பிறகு அது தரும் பிடி.

இனி ஜக் விசயம். காரை ஜக்கில் தூக்கினால் சக்கரம் தொங்கும், கை கீழ்நோக்கிச் சரியும். அந்த நிலையில் நட்டை இறுக்கினால் றப்பருக்கு அதுதான் ஆரம்ப நிலை. காரை இறக்கியதும் கை மேலே வரும். கார் ஒரு அடி ஓடுவதற்கு முன்னமே றப்பர் முறுகிப் போய் நிற்கும். உதாரணத்துக்கு, தொங்கும் நிலையில் இருந்து நிற்கும் நிலைக்குக் கை 15 பாகை எழும்புகிறது, பள்ளத்தில் விழும்போது இன்னும் 15 பாகை எழும்புகிறது என்று வைப்போம். நிலத்தில் நிற்கும்போது இறுக்கினால் றப்பர் எந்தப் பக்கமும் 15 பாகைக்கு மேல் முறுகாது. தொங்கவிட்டு இறுக்கினால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் 30 பாகை. எங்கட வீதிகளில் இரண்டு மாதம் தாங்கியதே பெரிய விசயம்.

இப்போது வேலையைச் சொல்கிறோம்.

கழற்றுவதுதான் முதல் போராட்டம். கடல் காற்று அடிக்கும் ஊர் எங்களுடையது. உப்பு றப்பரை அவ்வளவாகத் தின்னாது, அதைப் பிடித்திருக்கும் இரும்பைத் தின்னும். போல்ட் கறள் பிடித்துத் துளையோடு ஒட்டிப் போயிருந்தது. கறள் இளக்கும் எண்ணெயை மூன்று நாள், காலையும் மாலையும் விட்டோம். சுத்தியலால் போல்ட்டின் தலையில் பலமாக அடிக்க வேண்டாம், தலை விரிந்தால் பிறகு அது துளையால் வராது என்றார் ஐயா. நட்டைக் கடைசிப் புரிவரை திருப்பி வைத்து, அதன்மேல் மரக்கட்டையை வைத்துச் சின்னச் சின்னதாகத் தட்டினோம். வராத ஒன்றை இரும்பு வாளால் அறுத்தோம்.

ஒரு எச்சரிக்கை. மைனரின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் இல்லை. நீளமான ஒரு இரும்புக் கம்பிதான் முறுகி நின்று காரின் பாரத்தைத் தாங்குகிறது. அந்த முறுக்கு உள்ளே இருக்கும்போது கையைக் கழற்றினால் அது அடிக்கிற அடியில் கை முறியும். கீழ்க் கைக்கு அடியில் ஜக்கை முட்டுக் கொடுத்து, மேல் மூட்டைக் கழற்றி, ஜக்கை மெல்ல மெல்ல இறக்கி முறுக்கை வெளியே விட வேண்டும். தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாமல் அதில் கை வைக்க வேண்டாம். ஜக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே ஒருபோதும் படுக்க வேண்டாம். கட்டை வையுங்கள்.

பழைய றப்பரை எரித்து எடுப்பவர்கள் உண்டு. அந்தப் புகை நெஞ்சுக்குக் கூடாது, மணமும் நாள் கணக்கில் போகாது. கத்தியால் கீறி, துண்டு துண்டாக எடுத்தோம். துளையைக் கறள் இல்லாமல் உரஞ்சித் துடைத்தோம். இந்தத் துடைப்புக்கே அரை நாள். கறள் பொருக்கு மிஞ்சி இருந்தால் புதிய புஷ் உள்ளே போகும்போதே அதைக் கீறிவிடும்.

பூட்டுவதில்தான் எல்லோரும் பொறுமை இழப்பது. முதலில் வரும் யோசனை, கொஞ்சம் கிறீஸ் பூசினால் வழுக்கிக்கொண்டு போகுமே என்பது. போகும்தான். ஆனால் எஞ்சின் எண்ணெயும் சாதாரணக் கிறீஸும் இயற்கை றப்பருக்கு ஆகாது. ஊறி, பருத்து, களிபோல ஆகிவிடும். ஐயா சொன்னது சவர்க்காரத் தண்ணீர். பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து துளையிலும் புஷ்ஷிலும் பூசினோம். அரை மணித்தியாலம் வழுக்கும், பிறகு காய்ந்து றப்பர் பிடித்துக்கொள்ளும். பூட்டுவதற்கு முன் புஷ்களைச் சுடுதண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு வைத்தால் இன்னும் இளகும்.

சுத்தியலால் அடித்தால் றப்பர் துள்ளித் திரும்பி வரும். அதை அடிக்கக் கூடாது, இழுக்க வேண்டும். நீளமான போல்ட் ஒன்று, பெரிய வாஷர்கள் இரண்டு, புஷ் வந்து நிற்பதற்கு ஒரு குழாய்த் துண்டு, இவ்வளவுதான் கருவி. போல்ட்டைத் துளையால் விட்டு, ஒரு பக்கம் புஷ், மறுபக்கம் குழாய், இரு முனையிலும் வாஷர். நட்டைத் திருப்பத் திருப்ப புஷ் நேராக உள்ளே வரும். சரிந்தால் நிறுத்தி, பின்னால் எடுத்து, திரும்பத் தொடங்க வேண்டும்.

பின் ஸ்பிரிங் பிளேட்டில் வேறு மாதிரிக் கரைச்சல். அங்கே இரண்டு பக்கமும் இரண்டு அரைப் புஷ். இரண்டையும் வைத்த பிறகு றப்பர் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். தகட்டை வைத்தால் போல்ட்டின் புரி வெளியே தெரியாது. நட் பிடிக்க இடமில்லை. மூன்று பேரும் சேர்ந்து தள்ளியும் அரை விரல் குறை. தச்சு வேலை செய்யும் ஒருவரிடம் பலகை ஒட்டும் கிளாம்ப் இரண்டு இரவல் வாங்கி வந்தோம். இரு பக்கமும் போட்டு, ஒரு சுற்று இதில், ஒரு சுற்று அதில் என்று நெருக்கினோம். பிறகு தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தோம். றப்பர் தானாகக் கொஞ்சம் விட்டுக் கொடுத்திருந்தது. இன்னும் அரைச் சுற்று. புரி தெரிந்தது. "றப்பருக்கு நேரம் குடுக்கோணும் தம்பி, பலம் இல்லை" என்றார் ஐயா கதிரையில் இருந்தபடி.

கடைசி வேலை அந்த இறுக்கம். எல்லா நட்டையும் கையால் திருப்பும் அளவுக்கு மட்டும் விட்டிருந்தோம். காரை இறக்கி, முன்னும் பின்னும் பத்தடி தள்ளி, பம்பரை நாலு தரம் அமுக்கி விட்டோம். ஜக்கில் இருந்து இறங்கிய கார் உடனே தன் உயரத்துக்கு வராது, டயர் நிலத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். தள்ளி, அமுக்கினால்தான் இருப்புக்கு வரும். பிறகு நாலு சக்கரத்தையும் ஒரே உயரமான சிலிப்பர் கட்டைகளில் ஏற்றி, முழுப் பாரமும் சக்கரத்தில் நிற்க, கீழே போய் ஒவ்வொன்றாக இறுக்கினோம். அந்த வேலைக்கு இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்தை மிச்சம் பிடித்ததால்தான் முதல் தரம் மாற்றிய புஷ்கள் வீணாகின.

பொலியூரித்தேன் புஷ் போடலாமே என்று மச்சான் கேட்டார். போடலாம். அது றப்பர் அல்ல. முறுகாது, வழுக்கும். அதற்குரிய சிலிக்கோன் கிறீஸ் போட வேண்டும், காய்ந்தால் கீச்சிடும். கடினமாகவும் இருக்கும், நீண்ட காலம் உழைக்கும். ஆனால் அதிர்வு உடம்புக்கு ஏறும். எங்கட காரில் இருப்பது உம்மா. றப்பரே போதும் என்று விட்டோம்.

வேலை நடந்த நாட்களில் இந்தக் காரைப் பற்றியும் கொஞ்சம் தேடி வாசித்தோம். மொரிஸ் மைனரை வரைந்தவர் அலெக் இசிகோனிஸ். இன்றைய துருக்கியின் இஸ்மிர் நகரத்தில் 1906இல் பிறந்தவர். 1948இல் லண்டனில் நடந்த கார்க் கண்காட்சியில் மைனர் முதலில் வந்தது. மாதிரிக் கார் ஒடுக்கமாகத் தெரிகிறது என்று அதை நீளப்பாட்டில் இரண்டாக வெட்டி, 4 அங்குலம் அகட்டிப் பார்த்தாராம். பொனட்டின் நடுவில் ஒரு மேட்டுப் பட்டி ஓடுகிறதே, அது அந்த 4 அங்குலத்தின் அடையாளம். தண்ணீரில் உடைத்து ஊற்றி அவித்த முட்டை மாதிரி இருக்கிறது என்று கம்பனி முதலாளி நஃபீல்ட் பிரபு முகம் சுளித்தார். அதே கார்தான் பிரித்தானியாவில் பத்து இலட்சம் எண்ணிக்கையைத் தொட்ட முதல் கார் ஆனது. பிறகு 1959இல் இசிகோனிஸ் செய்த மினி காரில் இரும்பு ஸ்பிரிங்கையே எடுத்துவிட்டு, அலெக்ஸ் மோல்டன் வடிவமைத்த றப்பர்க் கூம்புகளில் காரை நிற்க வைத்தார்.

இலங்கையில் இவை இவ்வளவு காலம் உயிரோடு இருப்பதற்குக் காரணம் ஆசை மட்டுமில்லை. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977க்குப் பிறகுதான் கதவு திறந்தது. அதுவரை இருந்ததைத் திருத்தித்தான் ஓட வேண்டும். ஐயா போன்றவர்கள் தொழில் பழகியது அந்தக் காலத்தில். 1990களில் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் மைனரும் ஒஸ்ரின் ஏ40யும் சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓடின. அதே 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரத்தில் மொரிஸ் மைனர் சென்டரை நடத்திய சார்ல்ஸ் வேர், மைனருக்கான உதிரிப் பாகங்களை இலங்கையில் செய்விக்கத் தொடங்கினார். பழைய வேலை தெரிந்த கைகள் இங்கே இருந்தன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறந்தது. இந்தத் தடை எங்களுக்குப் புதிதில்லை.

றப்பரும் எங்களுக்குப் புதிதில்லை. 1876இல் பிரேசில் விதையில் முளைத்த கிட்டத்தட்ட இரண்டாயிரம் கன்றுகள் லண்டன் கியூ பூங்காவில் இருந்து இலங்கைக்கு வந்து, கம்பஹாவின் ஹெனரத்கொட தோட்டத்தில் வேர் பிடித்தன. 1942இல் மலாயா ஜப்பானிடம் விழுந்த பிறகு நேச நாடுகளுக்கு இயற்கை றப்பர் கிடைக்க மிஞ்சிய முக்கிய இடம் இலங்கை. அந்த வருடம் ஏப்ரல் 9இல் எங்கட திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டு விழுந்தது. 1952இல் சீனாவோடு றப்பருக்கு அரிசி ஒப்பந்தம் செய்து ஊர் சாப்பிட்டது. எங்கட வரண்ட மண்ணில் றப்பர் மரம் வளராது. ஆனால் அந்த மரம் எங்கட கதைக்கு வெளியே இல்லை.

போன கிழமை உம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம். பாலத்தில் ஏறினோம், இறங்கினோம், சத்தம் இல்லை. உப்புவெளி தாண்டும்போது உம்மா நித்திரை. எங்களுக்கு அதை விடப் பெரிய பரிசோதனை வேண்டாம்.

உங்கட வண்டிக்கு நாலு விசயம்:

1. பாலத்தில், வேகத்தடையில் "டொக்" என்று ஒரே இடத்தில் சத்தம் வந்தால் ஷொக்கை மாற்றுவதற்கு முன் புஷ்ஷைப் பாருங்கள்.

2. பிறேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுப்பதும், டயர் ஒரு விளிம்பில் மட்டும் தேய்வதும் இந்தப் பழுதின் அடையாளமாக இருக்கலாம்.

3. றப்பர் புஷ்ஷுக்குக் கிறீஸ் பூச விட வேண்டாம்.

4. கராஜில் நின்று பாருங்கள். கடைசி இறுக்கத்தைச் சக்கரத்தில் பாரம் நிற்கும்போது செய்யச் சொல்லுங்கள். வெட்கப்படாமல் கேளுங்கள், கார் உங்களுடையது.

நீளமான போல்ட், வாஷர், குழாய்த் துண்டு எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறோம். தேவைப்படுகிறவர்கள் வந்து எடுத்துப் போய்ப் பாவித்துவிட்டுத் தாருங்கள்.

இன்னொன்று. சாதாரண தரம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் இரண்டு பிள்ளைகள் இந்த வேலையைப் பார்க்க வந்து, இரண்டாம் நாளே ஸ்பேனர் பிடிக்கத் தொடங்கினார்கள். இப்போது அவர்கள் பின்னேரங்களில் ஐயாவிடம் போகிறார்கள். ஐயா காசு கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்ததில் பாதி எந்தப் புத்தகத்திலும் நாங்கள் காணாதது. வீட்டில் சும்மா இருக்கும் பிள்ளைகள் இருந்தால் அனுப்புங்கள், நாங்கள் கூட்டிப் போகிறோம். போகும்போது கழற்றிய பழைய பாகம் ஏதும் இருந்தால் கொண்டு வாருங்கள். ஐயாவுக்கு எதையும் கையில் வைத்துத்தான் விளங்கப்படுத்தத் தெரியும்.